தேவிக்கு வந்த மர உப்பல்

கடலில் குளிப்பாட்டிக் கொண்டுவந்து, ஈரம் துடைத்து, உடுத்திவிடும்போதுதான் ஆர்த்தெமிஸுக்கு அரைக்கச்சை எட்டவில்லை என்பது தெரிந்தது. வருஷத்துக்கு ஒரு நாள் எங்கள் தேவியைக் கோயிலிலிருந்து இறக்கி, முகத்தைத் துணியால் மூடி, பெண்கள் மட்டும் தோளில் தூக்கிக்கொண்டுபோய்க் கடலில் குளிப்பாட்டுவோம். அன்றைக்கு ஊரில் யாரும் புது வேலை எதையும் தொடங்கமாட்டார்கள், அடுப்புகூட அரைமனதாகத்தான் எரியும், ஏனென்றால் தேவி வீட்டில் இல்லாத நாள் அது. குளிப்பாட்டுவதும் உடுத்துவதும் அர்கிப்பே ஒருத்தியின் வேலை, அவள் கையைத் தவிர வேறு கை அந்த உடம்பில் படக்கூடாது, அவளுடைய தாய்வழியில் வந்த உரிமை அது. நான் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி, வெந்நீர்ப் பானை தூக்கிக்கொண்டு கூடப் போகிறவள். சந்நிதிப் படியைத் தாண்ட எனக்கு அனுமதி கிடையாது, ஆனால் படி என்ன, கண்ணையும் காதையுமா தடுத்துவிடப் போகிறது? அர்கிப்பே கச்சையைச் சுற்றினாள், முனைகள் சேரவில்லை. தேவியின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு, வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"முழுகாம இருக்கா."

"யாரு, அக்கா?"

"இவதான். நாலு மாசம் இருக்கும்."

நான் பானையை இறக்கி வைத்தேன். வேறு கச்சை எடுத்துவரட்டுமா என்று கேட்டேன், எடுத்துவா என்றாள்.

ஆர்த்தெமிஸ் யார் என்று கிரேக்க தேசத்தில் யாரும் கேட்கமாட்டார்கள், நீங்கள் தூரத்து ஆட்கள், அதனால் சொல்கிறேன். வில்லும் நாய்களுமாகக் காட்டில் அலைகிறவள், ஆண்வாடையே ஆகாதவள், கன்னி, என்றைக்கும் கன்னி, தான் குளிப்பதைப் பார்த்துத் தொலைத்த ஒருவனை மானாக்கி, அவன் வளர்த்த நாய்களை விட்டே அவனைக் கடிக்கவிட்டவள். பெரிய ஊர்களில் அவளைப் பளிங்கில் செய்து, பாவாடையில் மடிப்பு மடிப்பாகக் காற்று அடிப்பதுபோலச் செதுக்கி வைத்திருக்கிறார்களாம், பார்த்துவிட்டு வந்தவர்கள் வாய் ஓயாமல் சொல்வார்கள். எங்கள் ஊர்த் தேவி ஆளுயர ஒலிவ மரக்கட்டை. கைகள் உடம்போடு ஒட்டி இருக்கும், மூக்கு என்று ஒன்று இருந்தது குளித்துக் குளித்துத் தேய்ந்துபோய்விட்டது, யார் செதுக்கியது என்று கேட்டால் யாரும் செதுக்கவில்லை என்பதுதான் பதில். ஆனாலும் வேலை பெரிய வேலை. பிரசவ வலி கண்ட பெண் எல்லாரும் அவளைத்தான் கூப்பிட வேண்டும். அவள் வந்தால் பிள்ளையும் தாயும் பிழைக்கும், வராவிட்டால் அவளுடைய அம்பு பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு வீட்டைக் கழுவுவோம். பிழைத்தவள் தன் கச்சையை அவிழ்த்து அவள் காலடியில் வைப்பாள். செத்தவளின் துணிமணியையெல்லாம், தறியில் பாதி நெய்து நிற்கிற துணியாக இருந்தால் அதைப் பாதியாகவே அறுத்து, கோயிலின் பின்கட்டு அறையில் கொண்டுபோய்த் தொங்கவிடுவோம். இது காலங்காலமாக நடப்பது.

அர்கிப்பேயின் மூத்த மகள் மெலித்தாவின் பாதித் துணியும் அந்த அறையில்தான் தொங்கியது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், காலையிலிருந்து வெளிச்சம் மங்குகிற வரைக்கும் மெலித்தா தேவியின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள், தொண்டை கட்டியபிறகு உதட்டால் கூப்பிட்டாள், தேவி வரவில்லை. மறுநாள் காலையில் தேவிக்கு உடுத்திவிட அர்கிப்பே போனபோது, கோபத்தில் ஓர் அறையாவது விடுவாள் என்று நாங்கள் எல்லாரும் வாசலில் நின்றோம். அவள் எப்போதும்போலத் துடைத்தாள், உடுத்தினாள், வாசலைப் பெருக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து மனசு மரத்துப்போய்விட்டது அவளுக்கு. சாப்பிட்டாள், நூல் நூற்றாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், எதிலும் ருசி இல்லை. இளையவள் லிசில்லாவுக்குக் கல்யாணம் ஆகி, மாப்பிள்ளை கப்பலில் தூர தேசம் போய், மகள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீடு வந்தபோதும், வாடி என்று மட்டும்தான் சொன்னாள். லிசில்லாவுக்கும் அப்போது நாலு மாசம்.

தேவி முழுகாமல் இருக்கிற செய்தி ஊருக்குள் போனபோது யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. யாரால் என்று ஆம்பளைகள் கொஞ்ச நாள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள், மானாகிப் போனவனை நினைத்து அதையும் விட்டுவிட்டார்கள். யாரால் என்று எனக்கும் தெரியாது, என்னைக் கேட்காதீர்கள். ஊர்த்தலைவர் லாக்கேஸுக்கு வேறு கவலை. பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பானே என்ற கவலை. சபையைக் கூட்டினார், ஆம்பளைகள் எல்லாரும் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், பேசினார்கள், பேச்சைக் கேட்டு அவர்களே தலையாட்டினார்கள். தேவி கன்னி, கன்னி கர்ப்பமாகமாட்டாள், ஆகவே தேவியின் வயிற்றில் இருப்பது கர்ப்பம் அல்ல என்பது வரைக்கும் வந்துவிட்டார்கள், பின்னே அது என்ன என்பதில்தான் இடித்தது. தச்சர் மீக்கோனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இத்தனை காலம் காய்ந்த ஒலிவ மரம் இனிமேல் உப்பாது என்றுதான் அவர் வாயெடுத்தார், எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருக்கவும் வாயை மென்று, கடல் தண்ணி பட்டால் ஒருவேளை உப்பலாம் என்று முடித்தார். மர உப்பல் என்று தீர்மானம் ஆயிற்று. வாய் தவறி யாராவது கர்ப்பம் என்று சொன்னால் தேவிக்கு ஓர் ஆடு கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

நாங்களும் பழகிக்கொண்டோம். பழகாமல் என்ன செய்வது? உப்பலுக்கு இது ஐந்தாம் மாசம், உப்பலுக்குப் புளிப்பு கேட்கும் என்று சொல்லி, பழுக்காத பிளம்ஸும் உப்பில் ஊறிய ஒலிவக் காயும் கொண்டுபோய் வைத்தோம், மறுநாள் கொட்டைகள் மட்டும் கிடந்தன. உப்பலுக்கு இடம்விட்டு ஆடை நெய்தோம், மாசத்துக்கு ஒரு தரம் பக்கவாட்டில் ஒரு துண்டு சேர்த்துத் தைத்தோம். தேவி கனத்துப்போய்க் காட்டுக்குப் போகாததால் மான்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று, அவை தெருவில் நின்று அசைபோட்டன, முயல்கள் கீரைப் பாத்தியைத் தின்று தீர்த்தன, வேட்டைக்காரர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பெண்டாட்டிகளின் உயிரை வாங்கினார்கள். குயவன் சின்னச் சின்ன மண் தேவிகளை வயிற்றோடு செய்து விற்றான், கேட்டால் களிமண் நீர் கோத்துக்கொண்டது என்றான், வெளியூர்ப் பிள்ளைத்தாச்சிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்து வாங்கிப் போனார்கள். கல்யாண வயசு வருமுன் எங்கள் ஊர்ச் சின்னப் பெண்கள் மஞ்சள் ஆடை கட்டித் தேவி முன்னால் கரடியாட்டம் ஆடுவது வழக்கம், அந்த வருஷமும் ஆடினார்கள், ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒருத்தி, உப்பலுக்கு என்ன பேர் வைப்பீங்க என்று கேட்டாள். பூசாரியம்மா ஹெகேசோ அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி ஆட்டத்துக்குள் விட்டாள். கோயில் தொழுவத்தில் மட்டும் ஆடுகள் நாளுக்கு நாள் பெருகின.

கிணற்றடியில்தான் உண்மையான பேச்சு நடந்தது. நாம் வலியில் இவளைக் கூப்பிடுகிறோம், இவளுக்கு வலி வந்தால் இவள் யாரைக் கூப்பிடுவாள்? ஒருத்தி கேட்டாள், மற்றவர்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்றுவிட்டோம். லிசில்லா அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அர்கிப்பே நூற்றுக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் கம்பளி பிரித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, எனக்கும் அவளுக்கும் ஒரே நாள்ல வலி வந்துட்டா?"

"வந்தா வரட்டும்."

"அவ எனக்கு வரமாட்டா, இல்ல?"

"வயிறு காலியா இருந்தப்பவே உங்கக்காவுக்கு வரலை," என்றாள் அர்கிப்பே. கையிலிருந்த நூற்கும் கதிர் நிற்காமல் சுற்றியது. லிசில்லா அழுதாள், அர்கிப்பே அழவில்லை.

காலையில் தேவியின் வயிற்றில் கை வைத்துப் பார்க்கிற அதே கையை மாலையில் மகளின் வயிற்றில் வைத்துப் பார்ப்பாள் அர்கிப்பே. எட்டாம் மாசம் வாக்கில் மகள் வயிற்றில் கை வைத்தவள் மறுபடியும் வைத்துப் பார்த்தாள், பிறகு என்னை அனுப்பிப் பானோவைக் கூட்டிவரச் சொன்னாள். பானோ எங்கள் ஊருக்கு ஒரே மருத்துவச்சி, மெலித்தாவுக்கும் அவள்தான் பார்த்தாள். பிள்ளை குறுக்கே கிடக்குது, வலி வந்தபிறகு உள்ளே கை விட்டுத் திருப்ப வேண்டியிருக்கும், மெலித்தாவுக்கும் இப்படித்தான் கிடந்தது என்றாள் பானோ. எதையும் மறைத்துப் பேசத் தெரியாது அவளுக்கு. அப்போ நீ கூடவே இருக்கணும் என்று மட்டும் சொன்னாள் அர்கிப்பே.

திராட்சை பறிப்பு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் லிசில்லாவுக்குப் பனிக்குடம் உடைந்தது. பானோ வந்து, கையைக் கழுவி, எண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது கோயிலிலிருந்து அந்தக் குரல் கேட்டது. அம்மா என்று கூப்பிட்டது. இடி முழக்கமும் இல்லை, காட்டு மிருகத்தின் குரலும் இல்லை, ஒரு சின்னப் பெண்ணின் குரல், ஆனால் வயலில் இருந்தவனுக்கும் கேட்டது, கடலில் வலை இழுத்தவனுக்கும் கேட்டது, பாவு நூலை இழுத்துப் பிடிக்கத் தறியில் கட்டித் தொங்கவிட்ட மண் குண்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. தேவிக்கும் ஓர் அம்மா உண்டு, ஏதோ ஒரு தீவில் ஒரு பனைமரத்தைக் கட்டிக்கொண்டு அவளைப் பெற்றவள், ஆனால் அந்த அம்மா எங்கே இருக்கிறாள் என்று யார் கண்டது? நாங்கள் காதைப் பொத்தவில்லை, பொத்தினாலும் கேட்டிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் லாக்கேஸும் ஹெகேசோவும் நாலைந்து பெரியவர்களோடு அர்கிப்பேயின் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"பானோவை அனுப்பு, அர்கிப்பே. நீயும் வா," என்றார் லாக்கேஸ்.

"எங்கே?"

"கோயிலுக்கு."

"எதுக்குங்க?"

லாக்கேஸ் கையைப் பிசைந்தார். "தேவிக்கு உப்பல் கொஞ்சம் அதிகமாயிருச்சு."

"மர உப்பலுக்கு மருத்துவச்சி எதுக்குங்க? தச்சரைக் கூட்டிட்டுப் போங்க."

யாரும் சிரிக்கவில்லை, அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. ஹெகேசோதான் பொறுக்கமாட்டாமல், அவளுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது அர்கிப்பே, கர்ப்பம் முத்திப்போச்சு என்று உடைத்துச் சொன்னாள், பழக்கதோஷத்தில் பின்னாலிருந்து ஒருவர், ஓர் ஆடு என்றார். லாக்கேஸ் அப்போதும் கர்ப்பம் என்ற வார்த்தையைச் சொல்லமாட்டேன் என்றார். சபை போட்ட தீர்மானத்தைச் சபைதான் நீக்க வேண்டுமாம், தலைவரே மீறினால் ஊர் என்ன ஆகுமாம். ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருகிறேன், அதற்குள் நீ மனசு மாறு என்று சொல்லிவிட்டு வயல் பக்கம் ஓடினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஹெகேசோ மட்டும் போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவளுக்கு ஏதாவது ஆயிட்டா நம்ம பொண்ணுங்க யாரைக் கூப்பிடுவாங்க? நீயே சொல்லு."

"கூப்பிட்டவங்க பின்கட்டு அறையில தொங்குறாங்க. அவங்களைப் போய்க் கேளுங்க," என்றாள் அர்கிப்பே.

பேசிக்கொண்டே மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். லிசில்லாவின் தலைமயிர் நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. இரண்டு வலிக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு அவள் சொன்னாள். "நீ போம்மா. பானோவையும் கூட்டிட்டுப் போ. அவ பெத்து எந்திரிச்சா எனக்கு வருவா."

அது அந்தப் பிள்ளையின் நம்பிக்கை, ஊரின் நம்பிக்கையும் அதுதான், எனக்கும்கூட ஒரு நிமிஷம் அது நியாயமாகத்தான் பட்டது. பானோ லிசில்லாவின் வயிற்றில் வைத்த கையோடு அர்கிப்பேயைப் பார்த்தாள். நான் என்ன செய்யட்டும் சொல்லு என்றாள். போனால் மகள் என்ன ஆவாள் என்று பானோவுக்குத் தெரியும், போகாவிட்டால் தேவி என்ன ஆவாள் என்று யாருக்கும் தெரியாது.

"கையை எடுக்காதே," என்றாள் அர்கிப்பே.

வெயில் ஏறியது, லிசில்லா அலறினாள், கோயிலிலிருந்தும் அலறல் வந்தது, ஒன்று ஓய்ந்தால் ஒன்று, சில சமயம் இரண்டும் ஒன்றாக, எது எந்தக் குரல் என்று பிரிக்க முடியவில்லை. தெருவில் நின்ற மான்கள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன. கோயில் வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றோம், நானும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தேன், அந்த உடம்பைத் தொடுகிற உரிமை எங்களில் யாருக்கும் இல்லை, தொட்டால் அம்பு பட்டுவிடும் என்று ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். வெயில் சாய்கிற நேரத்தில் தேவி அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். அர்கிப்பே என்று கூப்பிட ஆரம்பித்தாள். அர்கிப்பே, அர்கிப்பே என்று ஊர் முழுக்கக் கேட்டது. நான் அப்போது அர்கிப்பேயின் வீட்டுக்குள் வந்திருந்தேன், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் இமைத்தாள், அவ்வளவுதான். மகளின் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

பானோ பிள்ளையைத் திருப்பிவிட்டாள். திருப்பினாள், இழுத்தாள், பெண் பிள்ளை, கருநீலமாக வந்து, குப்புறப் பிடித்து முதுகில் தட்டியதும் அழுதது. லிசில்லா கண்ணைத் திறந்து பிள்ளையைப் பார்த்தாள், தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அந்த அழுகை எங்களுக்கு அவ்வளவு நன்றாகக் கேட்டதற்குக் காரணம், ஊரில் அப்போது வேறு சத்தமே இல்லாததுதான். கோயில் பக்கம் அடங்கிப்போயிருந்தது. லாக்கேஸ் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, தீர்மானத்தை நீக்கியாயிற்று, இனிமேல் அது கர்ப்பம்தான், பானோ புறப்படலாம் என்று சொன்னார். சொல்லி முடித்தபிறகுதான் கோயில் பக்கம் சத்தமே இல்லை என்பது அவர் காதுக்கும் எட்டியது. பிறகு திரும்பிப் போனார். உப்பல் வடிந்துவிட்டது என்று அன்றைக்கே இன்னொரு தீர்மானம் போட்டதாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் வழக்கம்போல அர்கிப்பே கோயிலுக்குப் புறப்பட்டாள், நான் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். காலங்காலமாக நிமிர்ந்து நின்ற தேவி தரையில் உட்கார்ந்திருந்தாள், சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, உடம்போடு ஒட்டியிருந்த கைகள் இரண்டும் பிரிந்து மடியில் கிடந்தன. தரையெல்லாம் பிசின். பக்கத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு மரப்பிள்ளை, கை கால் உண்டு, கண்ணும் வாயும் செதுக்கப்படவே இல்லை. மூச்சு விடாமல் பிறந்த பிள்ளைகளை எங்கள் ஊரில் பானையில் வைத்துப் புதைப்போம், அர்கிப்பே ஒரு பானை கேட்டாள், ஓடிப்போய் என் வீட்டுத் தானியப் பானையைக் காலி செய்து எடுத்துவந்தேன். பிள்ளையைத் துடைத்து, துணியில் சுற்றி, பானைக்குள் படுக்கவைத்து, படிக்கு இந்தப் பக்கம் என் கையில் கொடுத்தாள். கனமாக இருந்தது. அழுகை வந்தது எனக்கு, பானையை வைத்துக்கொண்டு கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

அர்கிப்பே உள்ளே போய்த் தேவியின் முகத்தைக் கழுவினாள், கால்களில் காய்ந்திருந்த பிசினைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள், பிள்ளை பெற்றவர்களுக்குக் கட்டுவதுபோல வயிற்றைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டினாள். மகளுக்கும் விடிகாலையில் அப்படித்தான் கட்டிவிட்டு வந்திருந்தாள். முடிச்சுப் போடும்போது தேவி பேசினாள்.

"நான் கூப்பிட்டேன்."

"கேட்டுச்சு."

"நீ வரலை."

"எம் பொண்ணு பக்கத்துல இருந்தேன்," என்றாள் அர்கிப்பே.

கூப்பிட்டப்ப நீ வரலை என்பது தேவியைப் பார்த்து அர்கிப்பே சொல்ல வேண்டிய பேச்சு, இத்தனை நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தது. தேவியின் வாயிலிருந்தே அது வந்ததும் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சமாவது ஆறும் என்று நினைத்தேன். அவள் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. துணியைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள்.

"மெலித்தா கூப்பிட்டதும் எனக்குக் கேட்டுச்சு," என்றாள் தேவி. தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப எனக்கு அது என்னன்னு தெரியலை."

அர்கிப்பேயின் கை நின்றது. துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அவள் அதை வைக்கவும் இல்லை, பிழியவும் இல்லை. பிறகு மெதுவாகக் குனிந்து, தரையில் கை ஊன்றி, தேவிக்குப் பக்கத்தில் அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தேவிக்கு உடுத்திவிடுகிறவள் கோயிலில் உட்காரக் கூடாது என்பது வழக்கம்.

"இந்த வலி எப்ப நிக்கும்?" என்று தேவி கேட்டாள்.

"தெரியலை," என்றாள் அர்கிப்பே. "எனக்கு இன்னும் நிக்கலை."